ஆறாம் வகுப்புக்குச் சீந்தில் கஷாயம்

ஜூன் 5, திங்கள்

பேத்தி கைமுக் பாங்காக்கிலிருந்து வந்துவிட்டாள். எங்கள் ஊர்ப் பள்ளியில் போலீஸ்காரர் பிரசித் அரசாங்கச் செலவில் போதை ஒழிப்புப் பாடம் நடத்துகிறாரே, அது பலன் தருகிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலை. அஞ்சாவது தாண்டாத எனக்கு இப்படி ஒரு பேத்தி. சந்தையில் மீன் விற்கிற மாலி, "அக்கா, காலையிலயே ரெண்டு தடவ சொல்லிட்டீங்க" என்றாள். சொன்னால் என்ன?

ஜூன் 6

பேத்தி வைத்த தேர்வில் ஆறாம் வகுப்பு முழுக்க நூற்றுக்கு நூறு. மாத்திரை கொடுத்தால் வேண்டாம் என்போம் என்று ஒரே குரலில் கத்தினார்களாம். இவள் தலையசைத்தால் பாடம் மாகாணம் முழுக்கப் போகும். பிரசித்துக்குத் தலைகால் புரியவில்லை. இவளுக்கோ சோறு இறங்கவில்லை.

ஏன்டி என்றேன்.

"பாடத்துல மாத்திரை நீட்றவன் எவனோ மீசைக்காரன், பாட்டி. இங்க நீட்றது பக்கத்து வீட்டு அண்ணன். அவன்கிட்ட எந்தப் பிள்ள வேணாம்னு சொல்லும்?"

சுருக்கென்றது. பெரியவர் கொடுத்தால் மறுக்காதே, முகம் வாடிப்போகும் — இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தானே வளர்க்கிறோம்.

ஜூன் 8

தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டு, பேத்தி என்னை வகுப்புக்கு அழைத்துப் போனாள். நான் காய்ச்சிய, வாயில் வைக்க முடியாத கசப்புச் சீந்தில் கஷாயத்தோடு. வேண்டாதவர்கள் குடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் நீட்டினேன். ஒருவர் பாக்கியில்லாமல் கும்பிட்டு வாங்கிக் குடித்தார்கள். நம்ஃபோன் என்கிற பெண் கண்ணில் தண்ணீரோடு, "நல்லாருக்கு பாட்டி" என்றாள். அடி பாவி மகளே.

சும்மா இருக்க முடியாமல் பிரசித்திடமும் ஒரு கோப்பை நீட்டினேன். மனுஷன் இரண்டு கையாலும் வாங்கி, மடக்கென்று விழுங்கி, இருமி, பிறகு சுவரில் சாய்ந்து சிரித்தார்.

"பாடம் நடத்துற நானே மாட்டிக்கிட்டேனேம்மா."

ஜூன் 9

பாடத்தால் பலனில்லை என்றே பேத்தி எழுதிவிட்டாள். பிரசித் கோபிக்கவில்லை. இருவரும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து பாடத்தைத் திருத்துகிறார்கள் — பெரியவர் மனம் நோகாமல் மறுப்பது எப்படி என்று. நடுநடுவே சண்டை.

ஆகஸ்ட் 23, புதன்

திருத்திய பாடத்துக்கு இன்று சோதனை. கசப்பை மறுப்பது சுலபமாம். அதனால் வாழையிலையில் அவித்த தேங்காய்ப்பால் இனிப்புச் சோறு, கூடை நிறைய.

நம்ஃபோன் கைகூப்பினாள். "கோவிச்சுக்காதீங்க பாட்டி, ஆசையாத்தான் குடுக்குறீங்க. எனக்கு வேணாம்."

ஒன்றே ஒன்று என்று கெஞ்சினேன்.

"வேணாம் பாட்டி. கூடைய குடுங்க, நான் தூக்கிட்டு வர்றேன்."

இரண்டு பேர் வாங்கித் தின்றார்கள். மற்றவர்கள் அசையவில்லை. பேத்தி ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன்.

சமைத்தது கூடை நிறைய மிஞ்சி, இத்தனை சந்தோஷமாக நான் வீடு வந்ததில்லை.