சித்தப்பாவின் நடை

மகனுக்கு,

1. 2021, ஏப்ரல் 9: உன் கல்லூரி இறுதியாண்டு வீடியோ கேமுக்காக, மரம் வெட்டும் வேலையில் கால் ஒடிந்து தாங்கித் தாங்கி நடக்கும் என் தம்பி வெண்டலை நடக்கவைத்துப் படம் பிடித்தாய். "சும்மா நடங்க சித்தப்பா, நீங்கதான் ஹீரோ" என்றாய்.

2. 2022, ஜூன் 3: அந்த விளையாட்டைப் பார்த்து ஒரு நிறுவனம் உன்னை வேலைக்கு எடுத்து, அதையே பெரிதாக்கத் தொடங்கியது.

3. 2024, நவம்பர் 15: அது வெளிவந்தது. கதாநாயகன் நேராக ஓடுகிறான். வெண்டலின் நடை, உதை வாங்கி உருளும் கோமாளிப் பூதத்துக்குப் போயிருந்தது.

உலகமே வாங்கி விளையாடியது. இங்கே சியாட்டில் பேருந்து நிறுத்தத்தில் பள்ளிப் பிள்ளைகள் வெண்டலின் பின்னால் அப்படியே நடந்து, "டேய், பூதம் வருது, உதைடா!" என்று கத்தினார்கள். அவன் வீட்டுக்கு வந்து, "பையன் என்னை அச்சு அசலா எடுத்துட்டான் அண்ணே" என்று சிரித்தான். அன்றிலிருந்து வெளியே போவதில்லை.

நிறுவனத்தின் முடிவு என்று நீ தொலைபேசியில் சொன்னதை நான் ஏற்கவில்லை. அந்த நடையை அவர்கள் கையில் கொடுத்தவன் நீ.

அடுத்த பதிப்பில் அதை நீக்குவாயா, மாட்டாயா என்று மார்ச் முதல் தேதிக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். எனக்கு அல்ல, அவன் பெயருக்கு. அதை எடுக்க, எங்களுக்குக் கடிதம் வந்து விழும் தெருமுனைத் தபால்பெட்டி வரையாவது அவன் நடக்கட்டும்.

உன் தந்தை