சிறுத்தை இல்லாத பள்ளம்

பக்கத்துக் கொல்லையில் இன்று மல்லாட்டைக் கடலைச் செடிக்குப் பாலிடால் பூச்சிமருந்து அடிக்கிறார்கள். வாடை வந்ததும் கதவைச் சாத்தினேன். சாத்திய பிறகும் உன் நினைவு போகவில்லை. ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து இது, பொறுத்துக்கொள்.

ராஜகிரி மலைக்குப் பின்னால் அந்தப் பள்ளத்தில் புல் நம் இடுப்புவரை நிற்கும். சிறுத்தை இருந்ததால் யாரும் ஆட்டை உள்ளே விடமாட்டார்கள். விளிம்பிலேயே மேய்த்து நகர்ந்துவிடுவார்கள். மாசியில் மட்டும் தெருவே கும்பலாகத் தகரம் தட்டிக்கொண்டு போய் அறுத்து வருவோம். கோடை முழுக்க மாடுகளுக்கு அதுதான் தீனி.

உன் வெள்ளாட்டைச் சிறுத்தை அடித்த அன்று மந்தைக்காரர்கள் உன் வீட்டுக்கு வந்தார்கள். மிச்ச உடலில் பாலிடால் ஊற்றி வைத்தால் மறுபடி தின்ன வரும், செத்துவிடும் என்றார்கள். நீ வாசலை மறித்து நின்றாய். நான் உன் முதுகுக்குப் பின்னால்.

"அது செத்துட்டா பள்ளத்துல புல்லு இருக்காது மாமா. எல்லாரும் ஆட்ட உள்ள ஓட்டுவீங்க."

"இன்னாடி, சிறுத்தைக்கு வாக்கப்படப் போறியா?"

"உங்க ஆடுங்களவிட அது கம்மியாத்தான் தின்னுது."

சிரித்தார்கள். உன் நைனா சிரிக்கவில்லை. ஆட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். மறுநாள் ஓடை ஓரம் சிறுத்தை செத்துக் கிடந்தது. ஊரே பார்க்கப் போனது, நீ போகவில்லை.

அதன் பிறகு மந்தைகள் பள்ளத்தில் இறங்கின. பயம் இல்லாததால் நகரவும் தேவையில்லை. பொழுது சாயும்வரை ஒரே இடத்தில் மேய்ந்தன. புல் வேரோடு போயிற்று, ஐப்பசி மழையில் மண்ணும் போயிற்று. அடுத்த மாசியில் அறுக்க ஒன்றுமில்லை. உன் வீட்டுக் கறவை மாடு அந்தக் கோடையில் படுத்தது, எழுந்திருக்கவில்லை. அப்போதும் "நான் சொன்னேனே" என்று நீ யாரையும் கேட்கவில்லை. அடுத்த மழைக்கு முன்பே காய்ச்சலில் நீயும் போய்விட்டாய்.

போன மாதம் பள்ளத்தில் ஒரு மூலையில் புல் துளிர்த்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் மந்தையை ஓட்டி வந்தார். எனக்கு முன்னால் நிற்க யாருமில்லை.

"அண்ணே, உள்ள போவாதீங்க. இன்னொரு சிறுத்தை வந்துட்டுது. தடம் பாத்தேன்."

"நெசமாவா?"

"பெரிசுண்ணே."

அவர் மந்தையைத் திருப்பிவிட்டார்.

புல் இப்போது கணுக்காலைத் தொடுகிறது. சந்தைக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவரிடம் அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டு வருகிறேன். உன்னைப்போல் நின்று பேச இன்னும் வரவில்லை. சொன்னதும் நடந்துவிடுகிறேன்.