கிண்ணத்தில் பொறிக்க வேண்டிய பெயர்

அனுப்புநர்
குலசிங்கம் யசீகரன்,
ஹென்டர்சன்,
ஆக்லாந்து.

பெறுநர்
திரு. கோதண்டராமன் அவர்கள்,
தலைவர், தென்கரைத் தமிழ் மன்றம்,
மனுகாவ், ஆக்லாந்து.

பொருள்: சிறுவர் பேச்சுப் போட்டியின் வெற்றிக் கிண்ணத்தில் என் மகளின் பெயரை ‘நிருஜா ஷ்ரோடர்’ எனப் பொறிப்பதற்கு ஆட்சேபம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மன்றம் தொடங்கிய ஆண்டிலிருந்து நான் சந்தா செலுத்தும் உறுப்பினன். உங்கள் ஆண்டு மலருக்கு ஒன்பது ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தினேன். பத்தாம் ஆண்டு அந்தப் பணி வேறொருவருக்குத் தரப்பட்டது. அந்த மலரின் நன்றியுரையில் என் பெயர் ‘ஜெசிகரன்’ என்று அச்சாகி வந்தது. அதே ஆண்டு விழாவில், பெரியோர் தமிழ் வகுப்பில் சேர்ந்து எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியமைக்காகத் திரு. பீட்டர் ஷ்ரோடர் என்பவருக்கு மேடையில் பொன்னாடை போர்த்தினீர்கள். இவற்றை ஒரு குறையாக நான் இங்கே வைக்கவில்லை. நடந்தவற்றை வரிசைப்படி சொல்ல வேண்டியிருப்பதால் சொல்கிறேன்.

2. திரு. ஷ்ரோடர், என்னிடமிருந்து மணவிலக்குப் பெற்ற அபிதாவின் இப்போதைய கணவர். இந்த நாட்டில் பிறந்த வெள்ளையர். படகுகளுக்கு வர்ணம் பூசுவது அவர் தொழில். பத்து வயதான எங்கள் மகள் நிருஜா பாபகூராவில் அவர்களுடன் வசிக்கிறாள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், சனியும் ஞாயிறும் ஹென்டர்சனில் என்னுடன் இருப்பாள். அவளுடைய கடைசிப் பெயரை ஷ்ரோடர் என்று மாற்றுவதற்கு என் சம்மதத்தைக் கேட்டு அபிதா ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார். அதில் நான் கையொப்பமிடவில்லை. ஆகவே சட்டப்படியும் உங்கள் தமிழ் வகுப்பு வரவு இடாப்பின்படியும் என் மகள் இன்றைக்கும் நிருஜா யசீகரன்தான்.

3. ஜூலை 19ஆம் திகதி உங்கள் மண்டபத்தில் நடந்த பேச்சுப் போட்டியில், செயலாளர் திரு. சோதிலிங்கம் ஒலிவாங்கியில், “அடுத்ததாக, நிருஜா ஷ்ரோடர்” என்று அழைத்தார். அழைத்தவர் என்னை அறியாதவர் அல்ல. நாங்கள் இருவரும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள். என் திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர் அவர். தேநீர் இடைவேளையில் விளக்கம் கேட்டேன். அவர் கூறியதை மாற்றாமல் தருகிறேன்: “கோவிக்காதை யசி. தாய் எழுதித் தந்ததைத்தானே வாசிச்சனான். அதோடை, ஷ்ரோடர் எண்டேக்கை மைக்கிலை ஒரு எடுப்பாயும் இருக்குதடாப்பா.” அருகில் வடை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். மன்றத்தின் செயலாளர் ஒருவர் எடுப்புப் பார்த்துப் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்க அதிகாரம் பெற்றவரா என்பதைத் தாங்கள் தெளிவுபடுத்த வேண்டும்.

4. அடுத்து, போட்டித் தலைப்பு. ‘எங்கள் குடும்பப் பெயர்: தோற்றமும் இன்றைய பரம்பலும்’ என்று அறிவித்திருந்தீர்கள். ஏதோ ஓர் ஆங்கிலப் பாடசாலையின் செயல்திட்டத்தைப் பார்த்து எழுதிய தலைப்பு என்று எண்ணுகிறேன். ஐயா, தங்களுக்குக் குடும்பப் பெயர் உண்டா? எனக்கு இல்லை. குலசிங்கம் என்பது என் தகப்பனாரின் பெயர். யசீகரன் என்பது என் பெயர். விசாப் படிவத்தில் கடைசிப் பெயர் என்றொரு கட்டம் வெறுமையாக இருக்கக்கூடாது என்பதற்காக நம்மில் ஒவ்வொருவரும் தகப்பனை அதில் நிரப்பினோம். நம் பெயர்கள் ஒரு தலைமுறை தாண்டினால் உதிர்ந்துவிடும். இது தெரிந்த ஒருவர்கூட உங்கள் குழுவில் இல்லையா?

5. விளைவை மண்டபமே பார்த்தது. திரு. சற்குணத்தின் மகன் பிரணவன் மேடையேறி, “எங்கட குடும்பப் பெயர் சற்குணம். சற்குணம் எண்டால் என்ரை அப்பா. தோற்றம் மானிப்பாய். இன்றைய பரம்பல், அந்தா, கடைசி வரிசை” என்று தகப்பனைக் கையால் காட்டிவிட்டு இறங்கினான். தமிழகப் பிள்ளைகளின் நிலையும் இதுவே. ஒரு சிறுமி தன் தலைப்பெழுத்தைச் சொல்லி, அதுதான் தன் குடும்பப் பெயர் என்றாள். நான்கு நிமிடம் தரப்பட்ட போட்டியில் ஒருவர்கூட ஒரு நிமிடத்தைத் தாண்டவில்லை. என் மகளைத் தவிர.

6. அவள் பேசியதன் சுருக்கம் இது. ஷ்ரோடர் என்பது வட ஜெர்மனியின் பேச்சுமொழியில் தையற்காரரைக் குறித்த சொல். துணியை வெட்டுகிறவர் என்பது அடிப்படைப் பொருள். நகரங்களில் ஒரே பெயரில் பலர் இருந்ததால், ஆளை அடையாளம் காணத் தொழிலைச் சேர்த்து எழுதினார்கள். பின்பு மகன் வேறு தொழில் செய்தபோதும் பெயர் நின்றுவிட்டது. இன்றைக்கு ஹம்பர்க் நகரத்தைச் சுற்றியும் அதற்குத் தெற்கேயும் இந்தப் பெயர் அடர்த்தியாக உண்டு. ஜெர்மனியின் தென்பகுதியில் குறைவு, ஏனென்றால் அங்கே தையற்காரருக்கு வேறு சொல். கப்பலேறியவர்களுடன் அமெரிக்காவுக்கும் தென் பிரேசிலுக்கும், இங்கே நெல்சன் பக்கத்துக்கும் வந்தது. இவ்வளவையும் திரையில் உலக வரைபடம் ஒன்றைக் காட்டி, குச்சியால் தொட்டுத் தொட்டுத் தமிழில் சொன்னாள். “எங்கட பெயரிலை ஓ எழுத்துக்கு மேலை ரண்டு பொட்டு இருந்தது. கப்பலிலை வரேக்கை அது கடலுக்கை விழுந்திட்டுது” என்றாள். “பீட்டர் தையற்காரற்றை பரம்பரை. ஆனா அவருக்கு ஒரு பட்டன் தைக்கத் தெரியாது” என்றாள். சபை கைதட்டியது. முதல் வரிசையில் அமர்ந்திருந்த திரு. ஷ்ரோடர், அவள் பேசும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் வாயசைத்துக்கொண்டிருந்தார். அவள் தண்ணீர்ப் போத்தல் அவர் மடியில் இருந்தது.

7. நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் சிறப்புப் பட்டம் பெற்றவன். பரம்பல் வரைபடம் வாசிப்பதும் வரைவதும் என் படிப்பு. இந்த நாட்டில் அந்தப் படிப்புக்கு வேலை கிடைக்காமல் ஹென்டர்சனில் ஒரு பொதியிடும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறேன் என்பது உண்மை. ஆனால் படித்தது போய்விடவில்லை. என் மகள் தன் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு பரம்பல் வரைபடத்தின் முன் நின்றபோது, அதை அவளுக்குக் கற்றுக் கொடுத்தவர் படகுக்கு வர்ணம் பூசுகிறவர்.

8. அவருடைய தகவல்களைச் சரிபார்ப்பது என் கடமை என்று கருதி நூலகத்தில் இரண்டு மாலைகள் செலவிட்டேன். தவறு ஏதும் இல்லை. விடுபட்டவை உண்டு. முதலாவது, அதே சொல் சில பகுதிகளில் மதுப் பீப்பாய்களை உருட்டி ஏற்றியிறக்கியவர்களையும் குறித்தது. தையற்காரர்தானா, பீப்பாய் உருட்டியவரா என்று ஒவ்வொரு குடும்பமும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. இரண்டாவது, அதே வட ஜெர்மனியின் கடலோரப் பகுதிகளில் சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு வரை மக்கள் நம்மைப் போலவே தகப்பன் பெயரைத்தான் பின்னால் வைத்திருக்கிறார்கள். தலைமுறைதோறும் பெயர் மாறியிருக்கிறது. அரசாங்கம் கட்டாயப்படுத்தியதால்தான் நிரந்தரப் பெயர் எடுத்தார்கள். அதைப் பிள்ளைக்குச் சொல்லியிருந்தால், நம் வழக்கம் ஒரு குறைபாடு அல்ல என்பதையும் அவள் சபையில் சொல்லியிருப்பாள். திரு. ஷ்ரோடர் இதை அறிந்து மறைத்தார் என்று நான் கூறவில்லை. அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

9. பேச்சின் முடிவில் நடுவர் திருமதி பங்கஜம் ஒரு கேள்வி கேட்டார்: “லிஸ்ட்டுல உன் பேரு நிருஜா யசீகரன்னு இருக்கேம்மா. அப்போ உன் குடும்பப் பேரு அதுதானே?” என் மகள் சிறிதும் யோசிக்கவில்லை. “இல்லை டீச்சர். அது அப்பான்ரை பெயர். குடும்பத்தின்ரை பெயர் இல்லை” என்றாள். நடுவர், “ஆமா, கரெக்ட்டு” என்று சிரித்துக்கொண்டே எதையோ குறித்தார். ஐயா, அந்தப் பதில் நம் வழக்கப்படி முற்றிலும் சரி. இம்மனுவின் நான்காம் பத்தியில் நானே அதைத்தான் எழுதியிருக்கிறேன். சரியான பதிலுக்கு முழுப் புள்ளி கிடைப்பதில் ஆட்சேபிக்க எதுவும் இல்லை. நான் எழுந்து வெளியே போய்க் கார்த் தரிப்பிடத்தில் நின்றேன்.

10. அங்கே திரு. ஷ்ரோடர் வந்து, “சுகமா இருக்கிறீங்களோ அண்ணை?” என்றார். ஓம் என்றேன். “பிள்ளை நல்லாக் கதைச்சவள், என்ன?” என்றார். அதற்கும் ஓம் என்றேன். அவருடைய ளகரத்தில் ஒரு குறையும் காண முடியவில்லை. காணத்தான் முயன்றேன். அவருடைய மரியாதையையும் குறை சொல்ல இடமில்லை. இவ்வளவு உயரமான ஒரு மனிதர் என்னை அண்ணை என்று அழைப்பதை நிறுத்தச் சொல்வதற்கு மன்றத்தின் விதிகளில் வழி உண்டா என்று தெரியவில்லை; இருந்தால் அறியத் தரவும்.

11. அன்று மாலை, முடிவை இரத்துச் செய்யக் கோருவேன் என்று திரு. சோதிலிங்கத்திடம் கூறினேன். அதை இப்போது கோரவில்லை. நான்கு முறை நடுவராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அன்று பேசிய பிள்ளைகளில் அவள்தான் சிறந்தவள். அவள் மூச்சு எடுத்த இடங்கள்கூடச் சரியாக இருந்தன.

12. அடுத்து வந்த சனிக்கிழமை அவள் என்னிடம் வந்தாள். வழக்கமாக நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அன்று தமிழில் பதில் சொன்னாள். போட்டிக்கு ஏன் அந்தப் பெயரை எடுத்தாய் என்று கேட்டேன். “முதல் உங்கட பெயரைத்தான் தேடினனான் அப்பா. பெயரை அடிச்சால் எங்கெங்கை இருக்குதெண்டு காட்டுற ஒரு உலக மப் நெற்றிலை இருக்கு. யசீகரன் எண்டு அடிச்சன். ஒண்டும் வரேல்லை. வெறும் மப்” என்றாள். எழுத்தை மாற்றி மாற்றி அடித்தும் பார்த்தாளாம். “நாலு நிமிசம் கதைக்கோணும். வெறும் மப்பை வைச்சு என்னெண்டு கதைக்கிறது?” என்று என்னையே கேட்டாள். தக்காளிச் சோஸைத் தட்டில் ஊற்றிக்கொண்டே கேட்டாள். குற்றம் செய்த பிள்ளையின் முகம் அல்ல அது. தங்கள் குழு வைத்த தலைப்பு, பத்து வயதுப் பிள்ளை ஒருத்தி தகப்பனைத் தேடப் போன இடத்தில் அவளுக்கு வெறும் உலகப் படத்தைக் காட்டியது. என் முறைப்பாட்டின் சாரம் இதுதான்.

13. அவள் மேலும் ஒன்று சொன்னாள். அதை எழுதாமல் விட்டால் இம்மனு முழுமையாகாது. “அப்ப நீயே ரண்டு புள்ளி வை எண்டு பீட்டர் சொன்னவர். ஹென்டர்சனிலை ஒண்டு, பாபகூராவிலை ஒண்டு. எல்லாரும் சிரிப்பினம் எண்டு நான்தான் வைக்கேல்லை.” ஐயா, அந்த யோசனை எனக்கு வந்திருக்க வேண்டியது. புவியியல் படித்தவனுக்கு வந்திருக்க வேண்டியது. என் பெயரின் பரம்பலைக் கணக்கிட்டதும் அவர்தான் என்பதை இன்றுவரை என்னால் செரித்துக்கொள்ள முடியவில்லை. அவருடைய இரக்கம் எனக்குத் தேவையில்லை. ஆனால் கணக்குச் சரி. அந்தப் பெயரைத் தன் பெயருக்குப் பின்னால் வைத்திருப்பவள் எனக்குத் தெரிந்து உலகில் ஒருத்திதான். அவளுக்குப் பின் நம் வழக்கப்படியும் அது யாருக்கும் போகாது. படிவத்தில் நான் கையொப்பமிட்டால் அதற்கு முன்பே முடிந்துவிடும். ஷ்ரோடர் என்ற பெயருக்கு அந்தக் கவலை இல்லை. அது இலட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் இருக்கிறது. ஒரு கிண்ணம் குறைந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது.

14. எனவே தங்களிடம் நான் கேட்பது: ஆகஸ்ட் 30ஆம் திகதி பரிசளிப்பு விழாவில் என் மகளை மேடைக்கு அழைக்கும்போது, இடாப்பில் உள்ளபடி ‘நிருஜா யசீகரன்’ என்று அழைக்க வேண்டும். கிண்ணத்திலும் அதையே பொறிக்க வேண்டும். அழைப்பவர் திரு. சோதிலிங்கமாக இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை; அவருக்கு நல்ல குரல். தாய் வேறு ஏதாவது எழுதித் தந்தால், இம்மனுவை அவருக்குக் காட்டலாம். அடுத்த ஆண்டிலிருந்து நம் பிள்ளைகளிடம் இல்லாத ஒன்றைத் தலைப்பாக வைக்க வேண்டாம்.

15. அபிதாவின் படிவம் இன்னும் என்னிடம் உள்ளது. விழாவுக்குப் பின் அதில் கையொப்பமிடுவேன் என்று நான் இதில் எங்கும் எழுதவில்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். மாட்டேன் என்றும் எழுதவில்லை. நிருஜா கேட்டால் அது வேறு விடயம். அவள் இதுவரை கேட்கவில்லை. அன்றைக்கு ஹென்டர்சனிலிருந்து ரயில் மாறி மனுகாவ் வந்து, மண்டபத்தின் பின்வரிசையில் இருப்பேன். அங்கேயிருந்து ஒலிபெருக்கி தெளிவாகக் கேட்கும், போட்டியன்று கவனித்தேன். அந்தப் பெயரை ஒரு முறை கேட்டால் போதும்.

தங்கள் எழுத்துமூலப் பதிலை விழாவுக்கு முன் எதிர்பார்க்கும்,

(ஒப்பம்)
கு. யசீகரன்

இடம்: ஹென்டர்சன்
திகதி: 11.08.2025