ஐம்பத்தைந்து சுற்று

ஜனவரி 19, 2025, ஞாயிறு

இன்று காலை 7.40க்கு, மூன்று வார ஆலோசனைக்குப் பிறகு, முப்பத்தைந்து சுற்று மோட்டாரே வாங்குவது என்று தீர்மானிக்கப்பட்டது. ஆலோசனையில் கலந்துகொண்டவன் நான் ஒருவன்தான். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அம்மா நடுவில் வந்து, "குளிச்சியா இல்லியா?" என்று கேட்டது நடவடிக்கைக் குறிப்பில் ஏறவில்லை.

வருங்காலத்துக்காக (இந்த நோட்டைப் பொறுத்தவரை வருங்காலம் என்பது கரையான்) விவரம் எழுதி வைக்கிறேன். வண்டி ஒரு முழ நீளம். ரிமோட்டில் ஓடும். ஓடும் என்பது மிகை, பாறைமேல் தவழும். பெயரே கிராலர். அதன் மோட்டாருக்குள் செப்புக் கம்பி சுற்றியிருப்பார்கள். சுற்று குறைந்தால் வேகம். கூடினால் வேகம் போய் இழுவையும் நிதானமும் வரும். இருபது சுற்று இளமை. எண்பது சுற்று அரசு அலுவலகம். எனக்கு நாற்பத்திரண்டு வயது, மரக்காணத்தில் உப்புக் கம்பெனியின் எடைமேடையில் எழுத்தர் வேலை. முப்பத்தைந்து எனக்குக் கௌரவமான சமரசமாகப் பட்டது.

மார்ச் 9 அன்று பெருமுக்கல் மலையடிவாரத்தில் புதுச்சேரிக் குழு ஒன்று இந்த வண்டிகளுக்குப் போட்டி வைக்கிறது. பெயர் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 30, வியாழன்

மோட்டார் வந்தது. அட்டைப் பெட்டியையும் பத்திரப்படுத்தினேன். காரணம் கேட்டால் தெரியாது.

பிப்ரவரி 2, ஞாயிறு

புது மோட்டாரைப் பழக்க வேண்டுமாம். உள்ளே இருக்கும் கார்பன் துண்டுகள் வளையத்தில் உரசி வாகாகத் தேய, ஒரு டம்ளர் தண்ணீரில் மூழ்கவிட்டு ஐந்து நிமிடம் மெல்ல ஓட்டச் சொல்கிறார்கள் வீடியோக்காரர்கள். டம்ளரோடு தண்ணீர் கேனுக்குப் போனேன். அம்மா விடவில்லை.

"டேய், குடிக்கிற தண்ணிய மோட்டாருக்கு ஊத்தறியா? நல்லாருக்குடா நியாயம். போய் போர் தண்ணியப் புடி."

நியாயம்தான். எங்கள் தெருவில் கேன் தண்ணீர் குடிக்க மட்டும். அதில் கை கழுவியவனை மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள். குழாயில் பிடித்தேன். மோட்டார் அருமையாக ஓடியது. சோடா போலப் பொங்கி நுரைகூட வந்தது. பார்த்து ரசித்தேன்.

பிப்ரவரி 5, புதன்

மோட்டார் சுற்றவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சத்யப்ரியாவின் வைண்டிங் கடை. உப்பளத்துப் பம்பு மோட்டார்களுக்கெல்லாம் அவர்தான் கம்பி சுற்றுகிறார். பதினொரு வருடமாகக் கம்பெனி மோட்டார்களை நான்தான் கொண்டுபோகிறேன். அவருடைய அண்ணன் சரவணகுமார் உப்பு லாரி ஓட்டுகிறார். தினமும் என் எடைமேடையில் ஏறி இறங்குபவர்.

மோட்டாரைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது.

"எதுல ஊற வச்சீங்க?"

"தண்ணியில."

"எந்தத் தண்ணி?"

சொன்னேன். அந்த வெள்ளையை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உங்க கம்பெனி சரக்குதான் சார்."

பிறகு சிரித்தார். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு. இருபது வருடமாக உப்பை எடை போடுகிறேன். சொந்தக் குழாயில் உப்பு வருவது நினைவில்லை.

"பழைய கம்பிய உரிச்சிட்டுப் புதுசா சுத்தித் தரேன். எத்தனை சுத்து?"

"முப்பத்தஞ்சு."

"ஏன்?"

சமரசத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசினேன்.

"பாறை ஏறப் போற வண்டிக்கு ஓட்டம் எதுக்குங்க? மெல்லப் போனாலும் நிக்காம போவணும். அம்பத்தஞ்சு போடறேன்." கம்பியை எடுத்துக்கொண்டே சொன்னார்: "மார்ச் பதினாறு என்னைப் பொண்ணு பாக்க திண்டிவனத்துல இருந்து வர்றாங்க. அதுக்கு முன்னாடியே முடிச்சிடலாம்."

"நல்லது" என்றேன்.

நல்லதாம்! பதினொரு வருஷமா அந்தக் கடை வாசல்ல நின்னுட்டு, கடைசியில சொன்னது இதுதானா? என்ன நல்லது? யாருக்கு நல்லது?

பிப்ரவரி 17, திங்கள்

கம்பி சுற்றுவதைப் பார்க்கப் போனேன். மோட்டாருக்குள் சுழலும் இரும்புக்கு மூன்று கை, ஒவ்வொன்றிலும் ஐம்பத்தைந்து. உதடு அசைய எண்ணுகிறார். நான் தொண்டையைச் செருமினேன்.

"பேசாதீங்க சார், எண்ணிக்கை தப்பும்."

பேசவில்லை. அதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

பிப்ரவரி 23, ஞாயிறு

அந்தக் காலத்தில் ஒருத்தியைக் கட்ட வேண்டுமானால் காளையைத் தழுவினார்கள். என்னிடம் இருப்பது இரண்டரைக் கிலோ பிளாஸ்டிக். ஆனால் காளைக்குச் சார்ஜ் போட வேண்டியதில்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

போட்டியில் ஐந்து வண்டிகள். முதல் இரண்டும் முறையாக ஏறின. அடுத்த இரண்டும் வெறிபிடித்தவை போலப் பாய்ந்து, பாதிப் பாறையில் குப்புற விழுந்து, சக்கரங்களை வானத்துக்குக் காட்டின. நடத்துகிற பிரபாகரன், "அடுத்து மரக்காணம்!" என்று கூவினார். நான் விசையை அழுத்தினேன். ஒன்றும் நடக்காதது போல் இருந்தது. ஆனால் நடந்துகொண்டிருந்தது. கூட்டம் டீ குடிக்கப் போய்த் திரும்பி வந்தது. வண்டி இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. வழுக்குப் பாறையில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்க, மற்ற மூன்றும் யோசித்து யோசித்துப் பிடித்தன. பதினான்காவது நிமிடம் உச்சியில் நின்றது. கைதட்டினார்கள். எனக்கு! மூன்றாம் இடம்.

சத்யப்ரியா ஸ்கூட்டியில் வந்திருந்தார். நேராகப் போய் மோட்டாரில் விரல் வைத்தார்.

"சூடே ஏறல பாருங்க!" அப்படி ஒரு முகம். வெயிலும் வியர்வையுமாக, தான் சுற்றிய கம்பியை நினைத்துச் சிரிக்கிற முகம். "வர்ற ஞாயித்துக்கிழமை அவங்க வந்துடுவாங்க சார்" என்றார்.

நான் சொன்னேன்: "எண்பது சுற்று போட்டிருந்தா ரெண்டாவது வந்திருக்கலாம்."

"இதச் சொல்லத்தான் வாயத் தொறந்தீங்களா?"

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். தொழில்நுட்ப ரீதியாகவும் நான் சொன்னது தவறு.

மார்ச் 10, திங்கள்

முட்டாள்.

மார்ச் 12, புதன்

காலை பத்தேகாலுக்குச் சரவணகுமாரின் லாரி எடைமேடை ஏறியது. ஓட்டுநர் இறங்கிய பிறகே எடை பார்க்க வேண்டும் என்பது விதி. பலகையில் எழுதியதே நான்தான். இன்று அவர் இறங்குவதற்குள் நான் படியில் ஏறி, ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, அவர் தங்கையை எனக்குக் கட்டிக்கொடுப்பாரா என்று கேட்டேன்.

அவர் இன்ஜினை அணைத்தார்.

"எடை போடற எடத்துல கேக்கற கேள்வியா சார் இது?"

பின்னால் நான்கு லாரிகள் ஹாரன் அடித்தன.

"எங்க வீட்ல அவ சொல்றதுதான். போய் அவளையே கேளுங்க. மொதல்ல எறங்குங்க, லோடுல உங்க எடையும் சேருது."

எழுபத்தொரு கிலோ. கழித்து எழுதிவிட்டுக் கடைக்குப் போனேன்.

"சொல்லுங்க சார், என்ன ரிப்பேர்?"

"ஒண்ணும் இல்ல. இத்தனை வருஷமா கொண்டாந்த மோட்டார்ல பாதி ரிப்பேரே இல்ல."

"தெரியுமே. நானும் சும்மா தொறந்து மூடித்தானே குடுத்தேன்."

கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்பதை இங்கே எழுதுவதாக இல்லை. 'தாங்கள்' என்ற சொல் அதில் இருந்தது.

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "திண்டிவனத்துக்காரங்கள வர வேணாம்னு ஞாயித்துக்கிழமை சாயங்காலமே அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்" என்றார். "நீங்க வர்றதுக்குப் பத்து நாள் ஆவும்னு நெனச்சேன். மூணே நாள்ல வந்துட்டீங்க. பரவால்ல."

உப்பளச் சாலையில் நடந்தே திரும்பினேன். குவித்து வைத்த உப்பில் வெயில் பட்டுக் கண் கூசியது. யாரோ ஒரு லாரிக்காரர், "என்னா சார், தனியா சிரிச்சிட்டுப் போறீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஜூலை 3, வியாழன்

முன்னறைக்கு மும்முனை மின் இணைப்பு கேட்டு மின்வாரிய அலுவலகத்தில் மனு கொடுத்தோம். காரணம்: மோட்டார் வைண்டிங் பட்டறை. விண்ணப்பதாரர்: சத்யப்ரியா. வீடு அம்மாவின் பெயரில் இருப்பதால், உரிமையாளருக்கு என்ன உறவு என்ற கட்டத்தில் 'மருமகள்' என்று எழுதினாள்.