கோடாங்கிக்குப் புரியாத பாஷை

மதினி,

எதிர்வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல். காலையில் ஒரு கிழவர் வேப்பிலைக் கொத்தோடு அந்த வீட்டுக்குள் போனார். அந்தக் கசப்பு வாடை வந்ததும் என்னால் அடுப்படியில் நிற்க முடியவில்லை. போய், முதலில் டாக்டரிடம் காட்டுங்கள் என்று சத்தம் போட்டுவிட்டு வந்தேன். அவர்களுக்கு என் மேல் வருத்தம். இருக்கட்டும். புதுக்கோட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இத்தனை வருஷமாகியும் அந்த வாடைக்கு உங்கள் ஞாபகம்தான் வருகிறது.

அண்ணன் பர்மாவிலிருந்து உங்களைக் கட்டிக் கூட்டிவந்தபோது நார்த்தாமலையே வண்டியைச் சுற்றி நின்றது. ஆத்தா ஆரத்தி எடுக்கவில்லை. அங்கே போட்டுவிட்டு வந்த கடையை மீட்கிறேன் என்று அண்ணன் மறுபடி கப்பலேறிவிட்டார். ஒரு வார்த்தை தமிழ் தெரியாத நீங்கள் எங்கள் அடுப்படியில் என்னோடு மிஞ்சினீர்கள்.

நான் சொம்பைத் தூக்கிக் காட்டி தண்ணி என்பேன். நீங்கள் யே என்பீர்கள். சோத்துக்கு தமின். தமின் சாதெ என்றால் சோறு சாப்பிடுறேன். அட, நம்ம பேச்சு மாதிரியே வரிசையாக வருகிறதே என்று துள்ளினேன். சாப்பிடலை என்பதற்கு மட்டும் முன்னால் ஒரு ம, பின்னால் ஒரு பூ வைத்து மசாபூ என்றீர்கள். "இல்லேன்னு ஒரு தடவை சொன்னா ஒங்க ஊர்ல நம்ப மாட்டாங்களா மதினி?" என்று நான் கேட்டது பாதிதான் புரிந்தாலும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நீங்கள் முழுசாகப் பேசிய முதல் தமிழ், "ஆத்தா, சாப்பிடுங்க." ஆத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் சாப்பிட்டாள்.

அந்த ஐப்பசி மழையில் உங்களுக்குக் காய்ச்சல் கண்டது. சூடு ஏற ஏற, கற்ற தமிழெல்லாம் உங்களை விட்டுப் போய்விட்டது. பர்மியம் மட்டும் வந்தது, அதுவும் உரத்த குரலில். ஆத்தா நடுங்கிப்போனாள். நேற்றுவரை தமிழ் பேசியவள் வாயில் இன்றைக்கு வேறு பாஷை வந்தால் அது பேய்தான் என்றாள். மத்தியானமே கோடாங்கி வந்து உடுக்கை அடித்து, வேப்பிலையால் உங்களை விளாசி, யார் நீ, எங்கிட்டு இருந்து வந்தாய் என்று அதட்டினார். நீங்கள் யே, யே என்றீர்கள்.

"தண்ணி கேக்குறாங்க. ஒடம்பு கொதிக்குது. வண்டியக் கட்டுங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம்" என்றேன்.

கோடாங்கி உடுக்கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இந்தப் புள்ளைக்கும் பாஷை புரியுதே. தாவிருச்சு. கொமரிப் புள்ளைய உள்ள போட்டுப் பூட்டுங்க."

நாம் ஒருத்தர் பாஷையை ஒருத்தர் படித்ததையெல்லாம் தினமும் பக்கத்திலிருந்து பார்த்தவள் ஆத்தா. அவள்தான் என் முடியைப் பிடித்து இழுத்து நெல் அறையில் தள்ளினாள். கெட்டவள் இல்லை, பாவி, பயந்துவிட்டாள். எனக்குத்தான் இன்றுவரை மனசு ஆறவில்லை.

கோடாங்கி திருநீறு பூசிவிட்டுப் போனபின் வீடு அடங்கிக் கிடந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் நீங்கள் அமே, அமே என்று கூப்பிட்டீர்கள். அம்மாவைத்தான். கதவில் வாயை வைத்து, "அமே ஷிதெ" என்றேன். அம்மா இருக்காங்க. கடல் தாண்டி இருப்பவளை வேறு எப்படிச் சொல்வேன்? உடனே நீங்கள் நீளமாக ஒன்று கேட்டீர்கள். நான் கற்றதெல்லாம் அடுப்படிச் சொல், அது பிடிபடவில்லை. ஷிதெ, ஷிதெ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். இருக்கு, இருக்கு. அதன்பின் நீங்கள் பேசவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் கதவைத் திறந்தார்கள். ஆத்தா உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

நீங்கள் கேட்டது ஓசை மாறாமல் என் காதில் இருக்கிறது. இப்போது பர்மாவிலிருந்து திரும்பிய சனங்கள் இங்கே கடைவீதியில் நடமாடுகிறார்கள். யாரிடமாவது சொல்லிக் காட்டினால் அர்த்தம் சொல்லிவிடுவார்கள். பக்கத்தில் போய் நிற்கிறேன், திரும்பி வந்துவிடுகிறேன். எதைக் கேட்டீர்களோ, எதற்கு நான் இருக்கு என்றேனோ, தெரிந்துகொள்ள எனக்குப் பயமாக இருக்கிறது மதினி.