நேராகிப் போன குழாய்

பொகவந்தலாவை,
பள்ளிக்கூட மண்டபத்திலிருந்து.

என் தங்கப் பேத்தி கிருஷாந்திக்கு அப்பாயி எழுதுவது.

நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். முதலில் அதைப் படித்துக்கொள்.

கிராம சேவகர் வந்து வீட்டாட்களின் பெயர் கேட்டார். மூத்த பேரன் தனுஷனுக்கு ஹட்டனில் வங்கி உத்தியோகம், சின்னவள் பிரியந்திக்கு டீச்சர் நியமனம் வந்துவிட்டது, நடுவில் உள்ளவள் கிருஷாந்தி ஜப்பானில், பூமி அதிர்ந்தாலும் உடையாத கடலடிக் குழாய்க்குப் படம் போடுகிற இன்ஜினியர் என்றேன். பெயர் மட்டும் போதும் ஆச்சி என்றார். என் வாய் நிற்கவில்லை.

போன வருஷம் லீவில் வந்தபோது கோயில் பாறை ஊற்றிலிருந்து குழாய் போட்டாயே. இறுக்கிக் கட்டாமல் பாம்பு மாதிரி வளைத்து வளைத்துக் கிடத்தினாய். கடலடிச் சேற்றிலும் இப்படித்தான் இளக்கம் விடுவோம், மண் நகர்ந்தால் குழாயும் கூடவே போகும், உடையாது என்றாய். பக்கத்துக் காம்பரா வீட்டு ராக்காயி, கடலுக்குள்ள குழாய் போடுற புள்ளைக்குக் கரையில நேரா போடத் தெரியலையேடி என்று லயத்து வீட்டு வரிசையே கேட்கச் சிரித்தாள்.

வியாழக்கிழமை காலை மழை கொஞ்சம் விட்டிருந்தது. குடத்தோடு வெளியே வந்தேன். குழாயில் ஒரு வளைவுகூட இல்லை. கொடிக்கயிறு மாதிரி விறைத்துக் கிடந்தது. ராக்காயிதான் நடுவில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு ஒட்டுப் போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். அடியே குழாய்த் திருடி, வெளிய வாடி என்று கத்தினேன். ஒம் பேத்தி போட்ட பாம்பு நிமிந்து படுத்தா அதுக்கு நானாடி பொறுப்பு என்று கரண்டியோடு வந்தாள். வேடிக்கை பார்க்க லயமே வெளியே வந்தது. படுக்கையில் கிடந்த அழகையா அண்ணன்கூட மகன் முதுகில் ஏறி வந்தார். வெட்டுன எடத்தக் காட்டுடி என்று ராக்காயி என் கையைப் பிடித்து இழுக்க, சண்டையை விட மனசில்லாமல் எல்லோரும் பின்னால் வர, குழாயைப் பார்த்துக்கொண்டே கோயில் பாறைக்குப் போய்விட்டோம்.

வெட்டின தடம் எங்கேயும் இல்லை. அவள் என்னைத் திட்ட வாயைத் திறந்தாள். அப்போதுதான் பின்னால் மண் சரிந்த சத்தம். திரும்பினால் லயம் இல்லை. பன்னிரண்டு காம்பராவும் இல்லை. வெறும் மண்.

ராக்காயி இப்போது என் பக்கத்திலேயே படுக்கிறாள். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே தூங்குகிறாள்.

இன்ஜினியர் பேத்தி சொல்லிக்கொடுத்து ஆச்சி கண்டுபிடித்துவிட்டார் என்று இங்கே என்னைக் கும்பிடுகிறார்கள். எனக்கு உடம்பு கூசுகிறது. குழாய் நேரானால் மண் நகருது என்று அர்த்தம், எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியே போ அப்பாயி என்று நீ இரண்டு தரம் சொன்னாய். எனக்கு அது நினைவே வரவில்லை, கண்ணு. நான் சண்டைக்குத்தான் போனேன். ராக்காயி அன்றைக்கு வீட்டில் இல்லாமல் இருந்திருந்தால்? இதை உனக்கு மட்டும்தான் சொல்கிறேன்.

போன் மண்ணுக்குள் போய்விட்டது. சுவரில் மாட்டியிருந்த உன் பட்டமளிப்புப் படமும் போய்விட்டது. அந்த நாட்டிலும் பூமி அடிக்கடி ஆடுமாமே. முருகன் உன்னைக் கைவிட மாட்டான். புதுப் படம் ஒன்று எடுத்து இந்தப் பள்ளிக்கூட விலாசத்துக்குத் தபாலில் போடு. முகம் மட்டும் வேண்டாம். நீ நிற்கிற தரையும் தெரிகிற மாதிரி முழுசாக எடு.

உன் அப்பாயி
நாகலெட்சுமி