நல்ல டப்பா, அம்மா டப்பா

மார்ச் 16, ஞாயிறு, காலை பத்தே கால். சமையலறை அலமாரியில் டப்பாக்கள் பதினான்கு. அதில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியவை ஒன்பது.

பெரியவளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் தங்கையும் சுகம். இந்த இடத்தில் எல்லோரும் சுகம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவதுதான் வழக்கம், இந்த முறை இரண்டு பேருக்குத்தான் அப்படி எழுத முடிகிறது. உனக்கு ஹாஸ்டல் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா, நேரத்துக்குத் தூங்குகிறாயா. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் சொன்னால் நான் கத்துவேன், நீ அழுவாய், அம்மா போனைப் பிடுங்கி ஒண்ணுமில்லடி, நீ படி என்பாள், விஷயம் அதோடு அடங்கிவிடும். அவ பரீட்சை முடியட்டும், அதுவரைக்கும் வாயைத் திறக்காதீங்க என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். நான் சரி என்று சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

போன விடுமுறையில் நீ வந்து இரண்டு நாள் சமையலறையைத் தலைகீழாக்கினாய். உணவியல் படிக்கிற பிள்ளை சொல்கிறாள் என்று நாங்களும் கைகட்டி நின்றோம். பூச்சிமருந்து, பாலிஷ் போட்ட அரிசி, கலப்பட எண்ணெய் என்று ஒரு பாடமே நடத்தினாய், கடைத்தெரு முனையில் இருக்கும் ஆர்கானிக் கடைக்கு அம்மாவைக் கூட்டிப்போய் அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் வாங்கிவந்து டப்பாவில் கொட்டிப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினாய், கிளம்பும்போது முடிஞ்சா இதையே வாங்கும்மா என்றாய். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் உன் அம்மாவுக்கு முடிஞ்சா என்கிற வார்த்தை காதில் விழாது, அது இத்தனை வருஷத்தில் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். லிஃப்டில் பளு கூடினால் மணி அடிக்கும், கதவு மூடாது, எவ்வளவு அவசரமாக இருந்தாலும் ஒரு ஆள் இறங்கித்தான் ஆகவேண்டும். உன் அம்மாவை அந்த மணியைக் கழற்றிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

என் சம்பளம் உனக்குத் தெரியும், உன் ஃபீஸும் தெரியும். நடுவில் அந்தக் கடை விலைக்கு இடம் இல்லை. இல்லாத இடத்தில் அவள் எப்படி இடம் பண்ணினாள் என்று நீயும் கேட்கவில்லை நானும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோ போட்டு அலமாரியைக் காட்டும்மா என்பாய், அவளும் பச்சை ஸ்டிக்கர்களை வரிசையாகக் காட்டுவாள், சூப்பர்மா என்று நீ வைத்துவிடுவாய். கேமரா கீழ்த்தட்டுக்கு இறங்கியதே இல்லை. அங்கே ஸ்டிக்கர் ஒட்டாத ஐந்து டப்பா இருக்கிறது.

போன ஞாயிறு உன் அத்தை வந்திருந்தாள். அரிசி எடுத்துவரச் சொல்லி அம்மா சின்னவளை அனுப்பினாள், அவள் உள்ளேயிருந்து வீடே கேட்கிற மாதிரி, நல்ல அரிசியா அம்மா அரிசியா என்று கேட்டாள். அத்தை சிரித்துவிட்டு என்ன அண்ணி, இந்த வீட்ல உங்களுக்குத் தனி ரேஷனா என்றாள். உன் அம்மாவும் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. அத்தை போனதும் சின்னவளைக் கூப்பிட்டுக் கேட்டேன், அவள் எனக்கு ஒவ்வொரு டப்பாவாகத் தொட்டுக் காட்டினாள், மேலே இருக்கறது நல்லது, அது உனக்கும் எனக்கும், கீழே இருக்கறது அம்மாவோடது என்று. முட்டை யாருக்கு என்றேன், அதுவும் நல்லதுதாம்ப்பா, அம்மா சாப்பிட மாட்டாங்க என்றாள். பால், பழம், கீரை எல்லாவற்றுக்கும் அதே பதில். கீழ்த்தட்டு டப்பாவைத் திறந்து பார்த்தேன், பாதி குருணை அரிசி, வண்டு வேறு. நல்லதற்கு எதிர்ச்சொல் அம்மாவோடது என்று ஆறு வயதுப் பிள்ளை படித்து வைத்திருக்கிறாள், அதை நாம் மூன்று பேரும் சேர்ந்துதான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். நானும் மேல்தட்டு ஆள்தான், அதையும் சொல்லிவிட்டே உன்னைத் திட்டுகிறேன்.

ஊரிலிருக்கிற லிஃப்டை எல்லாம் பழுதுபார்த்து ஓட வைக்கிறேன், நமக்கு மூன்று மாடியும் படிதான். கடைக்குப் போய்வந்தால் அம்மா இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிடுவாள், எதிர்வீட்டு டீச்சரோடு அரட்டை என்று நினைத்து நான் மேலேயிருந்து சத்தம் போடுவேன். செவ்வாய்க்கிழமை டீச்சரே என்னை நிறுத்தி, அவங்க பேச உக்கார்றதில்ல சார், மூச்சு வாங்க உக்கார்றாங்க என்றார். அன்றைக்கே இழுத்துக்கொண்டு போய் ரத்தம் எடுத்தோம். ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்கவேண்டியது ஏழு இருக்கிறது. இதற்கு என்ன அர்த்தம் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, உனக்குப் பாடத்தில் இருக்கும். டாக்டரம்மா என்ன சாப்பிடறீங்க என்று கேட்டதற்கு, எங்க வீட்ல எல்லாமே ஆர்கானிக் டாக்டர் என்றாள். பெருமையாகச் சொன்னாள். எனக்கு அங்கேயே எழுந்து போய்விடலாம் போலிருந்தது.

ஆர்கானிக் உசத்தியா, மற்றது விஷமா என்று எனக்குத் தெரியாது, அளந்து பார்க்க என்னிடம் கருவி இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், நம் வீட்டுப் பச்சை ஸ்டிக்கருக்கு விலை கொடுத்தது கடையில் இல்லை, அவள் தட்டில். ஏம்மா இப்படி என்று கேட்டால், எனக்கு எதுக்குங்க, வளர்ற பிள்ளையா நான் என்கிறாள். முப்பத்தெட்டு வயது அவளுக்கு. உன்னைப் படிக்கவேண்டாம் என்று சொல்லவில்லை. சத்து என்று பேசும்போது அந்தச் சத்து யார் வாயிலிருந்து வருகிறது என்றும் ஒருமுறை கேள், அவ்வளவுதான். உடனே ஓடிவராதே, டிக்கெட் காசுக்கும் அவள் எதையாவது நிறுத்துவாள். பரீட்சையை ஒழுங்காக எழுது.

உன் படிப்பு உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும், உடம்பும் மனசும் திடமாக இருக்கட்டும், நீ உட்காரும் பந்தியில் எல்லோருக்கும் ஒரே சோறு விழட்டும். மறக்காதே, வருகிற ஞாயிறு அலமாரியைக் காட்டச் சொல்லாதே, அம்மா தட்டைக் காட்டச் சொல்.

இப்படிக்கு,
கோபத்தோடும் அன்போடும்,
அப்பா

இனி நான் செய்யப்போவது:

1. கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து ஒன்பது ஸ்டிக்கரையும் சுரண்டி எடுப்பது. நீ வாங்கின பசை நல்ல பசை, தின்னர் வேண்டும்.

2. கீழ்த்தட்டு அரிசியைக் குப்பையில் கொட்டுவது. இனி வீட்டில் ஒரே அரிசி, ஒரே பருப்பு, எது கட்டுப்படியாகிறதோ அது.

3. கீரையும் தக்காளியும் மட்டும் அந்தக் கடையில், எதிர்வீட்டு டீச்சரோடு பங்கு போட்டு. தோல் உரித்துச் சாப்பிடுவதெல்லாம் சாதாரணக் கடையில்.

4. முட்டையை முதலில் உன் அம்மா தட்டில் வைத்து, அவள் விழுங்குகிறவரை எதிரில் உட்கார்ந்திருப்பது. வேலைக்கு லேட்டானால் ஆகட்டும்.

5. அம்மாவோடது என்றால் என்ன என்று சின்னவளுக்குத் திரும்பச் சொல்லிக்கொடுப்பது. எப்படி என்று இன்னும் பிடிபடவில்லை. காலையில் எல்லா டப்பாவும் ஒண்ணுதான் இனிமே என்றேன். அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றவள், அப்போ இனிமே எனக்கும் அம்மாவோடதா என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.